மரத்துப் பாலில் பறந்த காகங்கள்

தலைவர் அவர்களே, எப்போதும் என்னை அன்போடு விசாரிக்கும் கலைமன்றச் செயலாளர் அவர்களே, வரவேற்புரையில் என்னை அளவுக்கு மீறிப் பாராட்டிய பேராசிரியர் அம்மா அவர்களே, இந்தப் படக் காட்சிக்காகப் பல நாள் ஓடியாடிய இளைஞர்களே, வந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்று செய்திகள் பேச வந்தேன்: ஜப்பானிய அரக்கு ஓவியம், அதன் பெரும் கலைஞர் ஷிபாட்டா ஜெஷின், அவர் வரைந்த பறவைகள். சுவர் இருந்தால்தான் சித்திரம். அதனால் சுவரிலிருந்தே தொடங்குகிறேன்.

இங்கே சுவர் என்பது உருஷி மரம். அதன் பட்டையைக் கீறினால் பால் கசியும். அந்தப் பாலுக்கும் உருஷி என்றே பெயர், அதுதான் ஜப்பானிய அரக்கு. தோலில் பட்டால் அரித்துத் தடிக்கும். வெயிலில் காயவைத்தால் அது இறுகாது, ஈரக்காற்று வேண்டும். இறுகிவிட்டாலோ எளிதில் அசையாது.

எப்படி என்று கேளுங்கள். 1873-இல் வியன்னாவில் உலகக் கண்காட்சி. ஜெஷினின் ஃபுஜி மலை அரக்குப் படத்துக்கு அங்கே பதக்கம் கிடைத்தது. காட்சி முடிந்து பொருள்களை ஏற்றி வந்த 'நீல்' என்ற பிரெஞ்சுக் கப்பல், 1874 மார்ச்சில், ஊர் நெருங்கிய நேரத்தில், ஜப்பானின் இசு தீபகற்பத்தின் அருகே மூழ்கியது. எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தார்கள். மறு ஆண்டு கடலுக்குள் ஆள் இறக்கிச் சில பெட்டிகளை எடுத்தார்கள். ஓராண்டுக்கு மேல் உப்புநீர் ஐயா! திறந்து பார்த்தால் அரக்குப் பொருள்கள் பெரும்பாலும் கெடாமல் இருந்தன. (கைதட்டல்) இந்தக் கைதட்டல் மரத்துக்கும் சேரட்டும்.

சரி, ஜெஷின். 1807-இல் எடோவில், இன்றைய டோக்கியோவில் பிறந்தவர். 11 வயதில் அரக்குத் தொழிலில் சேர்ந்தார், பிறகு ஓவியமும் கற்றார். சுருட்டினாலும் விரிசல் விடாதபடி காகிதத்தில் அரக்கால் வரைந்தார். அவருடைய பலகாரப் பெட்டி ஒன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. கறுப்புக் காகங்களும் வெள்ளிக் கொக்குகளும் அதில் இடைவெளியின்றி நெருங்கிப் பறக்கின்றன. பறவைகளைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஆனால் இன்னொன்று என் மனத்தை உறுத்துகிறது.

பால் தரும் அளவுக்கு வளர ஒரு மரத்துக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். ஒரே பருவத்தில் கிடைப்பது சுமார் 200 கிராம், அதோடு மரத்தை வெட்டிவிடுகிறார்கள். இன்று ஜப்பான் பயன்படுத்தும் உருஷியில் 90 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு, பெரும்பாலும் சீனாவிலிருந்து. உள்நாட்டு உருஷியில் பெரும்பங்கு இவாத்தே மாநிலத்து ஜோபோஜியிலிருந்து வருகிறது. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்றால், பால் கீறுகிறவரும் கலைஞர்தானே?

அதனால் கலைமன்றத்தாருக்கு என் வேண்டுகோள். உருஷிப் படங்களைக் காட்டும்போது கலைஞர் பெயருக்குக் கீழே, பால் எந்த ஊரில் எடுத்தது என்பதையும் தெரிந்தவரை எழுதுங்கள். பெயர்ப்பலகைகளைத் திருத்தி எழுத நானே வருகிறேன். நன்றி, வணக்கம்.