குறு விண்மீன் மண்டலங்களில் விண்மீன்களின் வயதை அறிவது எப்படி?

[திரையில்: சூரியன், பிறகு ஒரு விண்கல்லின் வெட்டுமுகம்]

வயதை மிகத் துல்லியமாக நாம் அறிந்திருக்கும் விண்மீன் ஒன்றே ஒன்றுதான். அது நம் சூரியன். ஏறத்தாழ 457 கோடி ஆண்டுகள் என்ற அந்தக் கணக்கைக்கூடச் சூரியனைப் பார்த்து நாம் சொல்லவில்லை. அதனோடு சேர்ந்து உருவாகிப் பின்னர் பூமியில் வந்து விழுந்த விண்கற்களில், யுரேனியம் எந்த அளவுக்கு ஈயமாகச் சிதைந்திருக்கிறது என்பதை ஆய்வுக்கூடத்தில் அளந்தே சொல்கிறோம். மற்ற விண்மீன்களிடமிருந்து நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒளி மட்டுமே. அந்த ஒளியும், சூரியனைப் போன்ற ஒரு விண்மீனின் வாழ்நாளில் பெரும்பகுதிக்கு மிக மெதுவாகவே மாறுவதால், தனித்து நிற்கும் ஒன்றைப் பார்த்து அதன் வயதைக் கூறுவது கடினம். ஆனால், ஏறக்குறைய ஒரே தொலைவில் ஆயிரக்கணக்கான விண்மீன்கள் கூட்டமாக இருக்குமானால் நிலைமை வேறு. நம் விண்மீன் மண்டலமான பால்வெளியைச் சுற்றியுள்ள குறு விண்மீன் மண்டலங்கள், அதாவது அதைவிட மிகச் சிறிய விண்மீன் மண்டலங்கள், அத்தகைய கூட்டங்களே.

[திரையில்: நிறம்–பொலிவு வரைபடம், புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன]

இந்த வரைபடத்தில் கிடைமட்ட அச்சு நிறத்தையும், செங்குத்து அச்சு பொலிவையும் காட்டுகிறது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு விண்மீன். மையத்தில் ஹைட்ரஜனை எரித்துக்கொண்டிருக்கும் விண்மீன்கள் எல்லாம் இந்தச் சாய்ந்த பட்டையில் வந்து அமர்கின்றன. இதற்கு முதன்மைத் தொடர் என்று பெயர். நிறை கூடிய விண்மீன் இந்தப் பட்டையின் மேற்பகுதியில் பொலிவாக இருக்கும்; தன் எரிபொருளையும் விரைவாகத் தீர்த்துவிடும். சூரியன் இந்நிலையில் ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுகள் இருக்கும் என்றால், அதைப்போல் இருமடங்கு நிறை கொண்ட விண்மீன் 100 கோடி ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதலாகவும், பத்து மடங்கு நிறை கொண்டது சில கோடி ஆண்டுகள் மட்டுமேயும் இருக்கும். ஆகவே, ஒரே காலத்தில் பிறந்த கூட்டம் ஒன்றில் இந்தப் பட்டை மேலிருந்து கீழாகத் தேய்ந்துகொண்டே வருகிறது. எந்த இடத்தில் அது சிவப்பு நிறம் அமைந்த வலப்பக்கம் வளைந்து, மையத்தின் ஹைட்ரஜன் தீர்ந்து உப்பிச் சிவந்த செம்பெருமீன்களை நோக்கித் திரும்புகிறதோ, அந்தத் திரும்புமுனையின் பொலிவே வயதைச் சொல்கிறது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. உண்மையான பொலிவைக் கணக்கிட மண்டலத்தின் தொலைவு தெரிந்திருக்க வேண்டும். அதில் 5 விழுக்காடு பிழை நேர்ந்தாலே வயதில் ஏறத்தாழ 10 விழுக்காடு பிசகிவிடும். மிக மூத்த விண்மீன்களைப் பொறுத்தவரை அது 100 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பிசகு.

[திரையில்: கரீனா குறு மண்டலத்தின் வரைபடம், துணைப் பெருமீன் பகுதி பெரிதாக்கப்படுகிறது]

விண்மீன் மண்டலம் என்பது ஒரே நாளில் பிறந்த கூட்டமும் அன்று. ஆஸ்திரேலியாவிலுள்ள யூகே ஷ்மிட் தொலைநோக்கியின் ஒளிப்படத் தட்டுகளில் 1977-இல் கண்டறியப்பட்ட கரீனா குறு மண்டலத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று லட்சம் ஒளியாண்டுகளுக்கும் அப்பாலுள்ள இதன் வரைபடத்தில், மேலே உள்ள செம்பெருமீன்களை மட்டும் பார்த்தால் ஒரே மெல்லிய கோடுதான் தெரியும்; எல்லாம் ஒரே தலைமுறை என்றே எண்ணத் தோன்றும். சற்றுக் கீழே, திரும்புமுனையைக் கடந்து செம்பெருமீனாகும் வழியில் உள்ள துணைப் பெருமீன்களைப் பாருங்கள். அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கிளைகள் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. கீழ்க்கிளை 1000 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட மூத்த தலைமுறை. மேற்கிளை அதற்குச் சில நூறு கோடி ஆண்டுகள் கழித்துப் பிறந்த தலைமுறை. இடைப்பட்ட காலத்தில் விண்மீன் உருவாக்கம் ஏறத்தாழ நின்றே போயிருக்கிறது.

அப்படியானால் மேலே மட்டும் ஏன் ஒரே கோடு? இளைய செம்பெருமீன் சற்று நீலம் சார்ந்து இருக்கும். கன தனிமங்கள், அதாவது ஹீலியத்தைவிடக் கனமானவை, மிகுந்த செம்பெருமீன் சற்றுச் சிவப்பாக இருக்கும். கரீனாவின் இளைய தலைமுறை, முந்தைய தலைமுறையின் வெடிப்புகளால் கன தனிமங்கள் கூடிய வாயுவிலிருந்து பிறந்ததால், இவ்விரு விளைவுகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து விடுகின்றன. எளிதில் படம்பிடிக்கக்கூடிய பொலிவான விண்மீன்கள் வயதை மறைப்பதும், நீண்ட நேரம் ஒளியைச் சேகரித்தால் மட்டுமே தென்படும் மங்கலான விண்மீன்கள் வயதைக் காட்டிக்கொடுப்பதும், என் பார்வையில், இந்தத் துறையின் ஆகப் பெரிய இடர்ப்பாடு.

திரும்புமுனைக்கு மேலே நீல நிறத்தில் சிதறிக் கிடக்கும் சில புள்ளிகளையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. நெருங்கிச் சுற்றும் இரு விண்மீன்களில் ஒன்று மற்றதன் வாயுவை ஈர்த்துக்கொண்டாலோ, இரண்டும் ஒன்றாகிவிட்டாலோ, கிழட்டு விண்மீனும் இளமையாகத் தோற்றமளிக்கும். ஆளை ஏமாற்றுவதில் இவற்றுக்கு நிகர் வேறில்லை.

[திரையில்: ஆறு மங்கலான குறு மண்டலங்களின் படங்கள்]

2005 முதல் ஸ்லோன் டிஜிட்டல் வான் ஆய்வின் தரவுகளில், அதுவரை அறியப்படாத அளவுக்கு மங்கலான குறு மண்டலங்கள் அடுத்தடுத்துக் கண்டறியப்பட்டன. ஹெர்குலிஸ், லியோ 4, கோமா பெரெனிசிஸ் உள்ளிட்ட ஆறு மண்டலங்களை ஹபிள் தொலைநோக்கியால் ஆழமாகப் படமெடுத்து 2014-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அவற்றின் விண்மீன்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு 1280 கோடி ஆண்டுகளுக்கு முன்பே உருவாகிவிட்டன என்றும், 1160 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே விண்மீன் உருவாக்கம் முற்றிலும் முடிந்துவிட்டது என்றும் கூறுகிறது. பேரண்டத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள் என்பதை இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இத்தனை விரைவில் முடிந்ததற்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம் மறு அயனியாக்கம். முதல் விண்மீன்களும் விண்மீன் மண்டலங்களும் உமிழ்ந்த புறஊதாக் கதிர்கள், பேரண்டம் தோன்றி ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்குள், வெளியெங்கும் இருந்த ஹைட்ரஜனின் எலக்ட்ரான்களைப் பிரித்து, வாயுவைப் பத்தாயிரம் டிகிரி அளவுக்குச் சூடாக்கின. பெரிய மண்டலத்தின் ஈர்ப்பு அந்தச் சூடான வாயுவையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மிகச் சிறிய மண்டலத்தால் அது இயலாது. சொந்த சூப்பர்நோவா வெடிப்புகளே வாயுவை வெளியேற்றியிருக்கலாம் என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. எனினும், வெவ்வேறு இடங்களில் இருக்கும் ஆறு மண்டலங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நின்றுபோனதற்குப் பொதுவான புறக்காரணமே பொருத்தமாக இருக்கிறது.

[திரையில்: லியோ ஏ]

சற்றே பெரிய குறு மண்டலங்களில் கதை இவ்வளவு நேராக இல்லை. ஏறத்தாழ 26 லட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பால், பெரிய அண்டை மண்டலம் எதுவும் அருகில் இல்லாமல் தனித்திருக்கும் லியோ ஏ, தன் விண்மீன்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கடந்த 800 கோடி ஆண்டுகளில்தான் உருவாக்கியிருக்கிறது. பால்வெளிக்கு அருகிலுள்ள குறு மண்டலங்கள் பெரும்பாலும் வாயுவை இழந்து நிற்க, இதில் ஹைட்ரஜன் வாயு இன்றும் மிகுந்திருக்கிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஆராய்ந்த டபிள்யூஎல்எம் மண்டலமோ, தொடக்கத்தில் விண்மீன்களை உருவாக்கி, நெடுங்காலம் ஓய்ந்திருந்து, பின்னர் மீண்டும் தொடங்கியிருக்கிறது.

லியோ ஏ மண்டலம் அப்படியென்றால் இளையதா? அதிலும் ஆர்ஆர் லைரே வகை மாறொளிர் விண்மீன்கள் சில இருக்கின்றன. ஒரு நாளுக்கும் குறைவான கால இடைவெளியில் பொலிவு கூடிக் குறையும் இவ்வகை விண்மீன்கள், பொதுவாக 1000 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட தலைமுறைகளிலேயே காணப்படுபவை. போதிய ஆழத்துக்கு ஆராயப்பட்ட குறு மண்டலம் எதிலும் இத்தகைய மூத்த தலைமுறை இல்லாமல் போனதில்லை. லியோ ஏ மற்றவற்றைப் போலவே முற்காலத்தில் தொடங்கியது. ஆனால் அப்போது மிகச் சில விண்மீன்களையே உருவாக்கிவிட்டு, தன் வாயுவின் பெரும்பகுதியைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தது.