ஐந்து பாடம், அடியில் ஒரே கணக்கு: ஐந்தாவது செமஸ்டர் ஆரம்பம்

எல்லாருக்கும் வணக்கம். ஐந்தாவது செமஸ்டர் ஆரம்பித்துவிட்டது. டைம்டேபிளைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது: ஹீட் டிரான்ஸ்ஃபர், வைப்ரேஷன்ஸ், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ், மெஷின் டிசைன், நியூமெரிக்கல் மெத்தட்ஸ். கூடவே இரண்டு லேப். மெக்கானிக்கல் படிப்பவர்களுக்கு இந்தப் பட்டியலைக் கேட்டதுமே புரிந்திருக்கும்.

புது நோட்டு, புது பேனா, மேசையை அடுக்குவது எல்லாம் இந்த வீடியோவில் இல்லை. முதல் வாரத்தில் நான் உட்கார்ந்து செய்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஐந்து பாடத்தின் சிலபஸையும் பிரின்ட் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு யூனிட்டுக்கும் எந்தக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தேன். எழுத எழுத ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப வந்தது: டிஃபரென்ஷியல் ஈக்வேஷன், அதாவது ஒரு அளவு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை வைத்து எழுதும் சமன்பாடு.

ஒரு உதாரணம் பார்ப்போம். சூடாக்கிய சின்னச் செம்பு உருண்டையைக் காற்றில் வைக்கிறோம். உருண்டைக்கும் காற்றுக்கும் இடையே வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு வேகமாக அது ஆறும். ஆற ஆற வேகம் குறையும். பயாட் எண் (உருண்டைக்குள் வெப்பம் கடக்கும் தடையை, மேற்பரப்பிலிருந்து காற்றுக்குக் கடக்கும் தடையோடு ஒப்பிடும் எண்) 0.1-க்குக் கீழே இருந்தால் உருண்டை முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம், கணக்கு ஒரே வரியில் முடிந்துவிடும். இது ஹீட் டிரான்ஸ்ஃபர்.

இப்போது லேபுக்கு வாருங்கள். வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிளை வெந்நீரில் முக்கினால் ரீடிங் முதலில் சட்டென்று ஏறும், அப்புறம் மெதுவாகும். இந்த வேகத்தைக் குறிக்கும் நேர அளவுக்கு டைம் கான்ஸ்டன்ட் என்று பெயர். அந்த நேரத்தில் போக வேண்டிய தூரத்தில் 63.2 சதவீதம் வந்துவிடும். மூன்று மடங்கு நேரத்தில் 95 சதவீதம், ஐந்து மடங்கில் 99.3. கன்ட்ரோல் சிஸ்டம்ஸில் ஃபர்ஸ்ட் ஆர்டர் சிஸ்டத்தின் ஸ்டெப் ரெஸ்பான்ஸ் (உள்ளீட்டைச் சட்டென்று மாற்றினால் சிஸ்டம் எப்படி மாறுகிறது என்பது) என்று போர்டில் வரைவார்களே, அது இதே வளைவுதான். உருண்டை ஆறுவதும் இதைத் தலைகீழாகப் போட்ட வளைவுதான். ஒருமுறை உட்கார்ந்து புரிந்துகொண்டால் மூன்று இடத்தில் பயன்படும்.

வைப்ரேஷன்ஸ் இன்னும் சுவாரசியம். நிறை, ஸ்பிரிங், டேம்பர் (ஆட்டத்தை அடக்கும் பாகம்) மூன்றும் சேர்ந்த ஈக்வேஷனை எழுதுங்கள். முதல் வருடம் படித்த ஆர்எல்சி சர்க்யூட்டின் (ரெசிஸ்டர், இண்டக்டர், கெபாசிட்டர் சேர்ந்த மின்சுற்று) ஈக்வேஷனை அதன் கீழே எழுதுங்கள். நிறை இருந்த இடத்தில் இண்டக்டன்ஸ், டேம்பர் இருந்த இடத்தில் ரெசிஸ்டன்ஸ், ஸ்பிரிங்கின் விறைப்பு இருந்த இடத்தில் ஒன்றின் கீழ் கெபாசிட்டன்ஸ் (1/C). அச்சு அசல் ஒரே வடிவம்! டேம்பிங் ரேஷியோ (ஆட்டம் எவ்வளவு அடக்கப்படுகிறது என்று சொல்லும் எண், எழுதுவது ஸீட்டா என்ற கிரேக்க எழுத்தால்) 1-க்குக் கீழே இருந்தால் ஆடி ஆடி அடங்கும், 1 ஆக இருந்தால் ஆடாமலே சீக்கிரம் நிலைக்கு வரும். கன்ட்ரோலிலும் இதே ஸீட்டாவைத்தான் திரும்பப் பார்க்கப் போகிறோம்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. வெப்பம் எப்படிப் பரவுகிறது என்ற ஆராய்ச்சியைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே 1822-ல் நூலாக வெளியிட்டார். அதற்காக அவர் கையாண்ட, சைன், கொசைன் அலைகளைக் கூட்டி எழுதும் தொடரைத்தான் இன்று வைப்ரேஷன்ஸ் வகுப்பில், மெஷின் மீது திரும்பத் திரும்ப விழும் விசையைப் பிரித்துப் பார்க்கப் பயன்படுத்துகிறோம். பாடங்களைத் தனித்தனிப் பெட்டியாகப் பிரித்தது டைம்டேபிள்தான், கணக்கு அப்படிப் பிரிந்து கிடக்கவில்லை.

அதனால் தனியாக ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு ஈக்வேஷன். அதன் கீழே அது எந்தெந்தப் பாடத்தில் என்ன பெயரில் வருகிறது, எந்த எழுத்து எதைக் குறிக்கிறது, அவ்வளவுதான். நியூமெரிக்கல் மெத்தட்ஸில் ருங்கே-குட்டா (டிஃபரென்ஷியல் ஈக்வேஷனைச் சின்னச் சின்னப் படிகளாக எண்களால் தீர்க்கும் முறை) வந்ததும், புத்தகத்துக் கணக்கோடு நிறுத்தாமல் இந்த நோட்டில் உள்ள ஸ்பிரிங் கணக்கையே பைத்தானில் போட்டு, கையால் போட்ட விடையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கப் போகிறேன்.

மெஷின் டிசைன் மட்டும் இதில் அடங்காது. அதற்கு டிசைன் டேட்டா புக்கில் எந்த டேபிள் எங்கே இருக்கிறது என்று கை பழக வேண்டும். பரீட்சைக்கு முந்தைய வாரம் அது வராது, இப்போதிருந்தே வாரத்துக்கு இரண்டு கணக்காவது முழுசாகப் போட்டாக வேண்டும். லேப் ரெக்கார்டு, செய்த அன்றே எழுதிவிடுவது. கிளப் பொறுப்பு இந்த செமஸ்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வருத்தம்தான், ஆனால் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு எதையும் செய்ய எனக்கு இஷ்டமில்லை.

லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்ம் (டிஃபரென்ஷியல் ஈக்வேஷனைச் சாதாரண அல்ஜிப்ரா கணக்காக மாற்றும் முறை) மறந்துபோனவர்கள் இந்த வார இறுதிக்குள் ஒருமுறை புரட்டிவிடுங்கள். கன்ட்ரோலில் ஆரம்பத்திலேயே தேவைப்படும். சிவில், கெமிக்கல், எலக்ட்ரிக்கல் படிப்பவர்கள், உங்கள் செமஸ்டரில் எந்த ஈக்வேஷன் இப்படித் திரும்பத் திரும்ப வருகிறது என்று கமென்ட்டில் எழுதுங்கள். நோட்டில் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குகிறேன். அடுத்த வீடியோவில் தெர்மோகப்பிள் ரீடிங்கை கிராஃபில் போட்டு டைம் கான்ஸ்டன்ட் எடுப்பது எப்படி என்று பார்க்கலாம்.