பாதியில் நின்றுவிடும் இமை

[காட்சி: ஜோகன்னஸ்பர்க், ஜூலை மாதக் காலை. ஹீட்டருக்கு அருகில், கணினித் திரையை உற்று நோக்கும் ஒரு பெண்.]

டர்பனின் ஈரமான கடற்காற்றில் வளர்ந்து, வேலைக்காக ஜோகன்னஸ்பர்க்குக்குக் குடிவந்த நம் உறவினர்கள், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நீளும் மழையற்ற குளிர்காலத்தில், கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துவதாகச் சொல்லி, அந்த மேட்டுநிலத்தின் வறண்ட காற்றையே குறை கூறுவார்கள். கண் உலர்ந்துபோவதால் வரும் இத்தொல்லைக்கு உலர்கண் என்று பெயர். இதில் காற்றுக்குப் பங்கு உண்டு. ஆயினும் அதைத் தாங்கும் ஏற்பாடு நம் இமைகளிலேயே இருக்கிறது.

[காட்சி: கண்ணீர்ப் படலத்தின் வரைபடம்.]

கருவிழியின் மேல் பரவியுள்ள கண்ணீர்ப் படலம், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 300-இல் ஒரு பங்கு தடிமன் மட்டுமே உடையது. நீரைக் கண்ணோடு ஒட்டவைக்கும் சளிப்பொருள் அடியிலும், அந்த நீர் விரைவில் ஆவியாகாமல் காக்கும் எண்ணெய் மேலேயும் உள்ளன. எண்ணெயைச் சுரப்பவை இமை விளிம்பில் வரிசையாக அமைந்த மைபோமியன் சுரப்பிகள். இமைகள் முழுமையாக மூடும்போது உண்டாகும் அழுத்தமே அந்த எண்ணெயை வெளியே தள்ளுகிறது.

இயல்பாக நிமிடத்துக்கு 15 முறையாவது இமைக்கும் கண், திரையைப் பார்க்கும்போது பெரும்பாலும் அதில் பாதிகூட இமைப்பதில்லை. அதைவிட எனக்குக் கவலை தருவது அரைகுறை இமைப்பு. கண் இமைக்கும் நேரத்தை ஒரு மாத்திரை என்று தமிழ் இலக்கணம் அளந்தது. திரையின் முன் நம் இமையோ அரை மாத்திரையில் திரும்பிவிடுகிறது. மேலிமை பாதி வழி இறங்கி உயர்ந்துவிடுவதால் கருவிழியின் கீழ்ப்பகுதி நனையாமல் கிடக்கிறது. பிழியப்படாத எண்ணெய் நாளடைவில் கெட்டியாகிச் சுரப்பியின் வாயை அடைத்துவிடவும் கூடும்.

“கண்ணில் நீர் வடிகிறதே, அது எப்படி உலர்கண் ஆகும்?” என்று பலர் கேட்பது நியாயமே. உலர்ந்த கண் எரிச்சலுற்றுத் திடீரென நீரைக் கொட்டுகிறது. அந்த நீர் நிலைத்த படலமாகத் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடுகிறது.

[காட்சி: கண்களை மெதுவாக மூடித் திறக்கும் முகம், அண்மையில்.]

வேலையின் நடுவே 20 நிமிடங்களுக்கு ஒருமுறை, கண்களை மெதுவாக முழுவதும் மூடி, இரண்டு விநாடி அப்படியே வைத்து, இமைகளைச் சற்றே அழுத்தித் திறவுங்கள். இவ்வாறு ஐந்தாறு முறை செய்யுங்கள். திரையைக் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்தால், பார்வை தாழ்ந்து, கண்ணின் திறந்த பரப்பு குறையும். ஹீட்டரின் காற்று முகத்தில் நேராக வீச வேண்டாம். வலியோ, வெளிச்சத்தைக் காணக் கூச்சமோ, பார்வை மங்கலோ இருந்தால் பயிற்சியை நம்பிக் காத்திராமல் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். இமைச் சுரப்பிகளையும் சோதிக்கும்படி அவரிடம் கேளுங்கள்.