பொட்சுவோலியின் மூன்று தூண்கள்

அவையோருக்கு வணக்கம்.

நேப்பிள்ஸ் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் பாம்பெயைப் பார்த்த கையோடு ரோமுக்கு ரயிலேறிவிடுகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நேப்பிள்ஸுக்கு மேற்கே, அதே வளைகுடாக் கரையில் பொட்சுவோலி இருக்கிறது. ஒரு நாளை அதற்கு ஒதுக்குங்கள்.

ரோமானியர் காலத்தில் அதன் பெயர் புத்தேயோலி. எகிப்தின் கோதுமைக் கப்பல்கள் கரை சேர்ந்த துறைமுகம். முசிறி மிளகு அலெக்சாந்திரியா வழியாக ரோமுக்குப் போன காலம் அது. இந்த ஊர்ப் பக்கத்து எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு சேர்த்தால் கடல்நீருக்குள்ளேயே இறுகிக் கல்லாகும். யூதேயாவின் ஏரோது மன்னன் இன்றைய இஸ்ரேல் கரையிலுள்ள செசரியாவில் துறைமுகம் கட்டியபோது இந்தச் சாம்பலைக் கப்பலில் வரவழைத்தான்.

ஆம்பிதியேட்டர் என்ற ரோமானிய வட்ட அரங்கும் அதன் நிலவறைகளும் அருமையானவை. ஆனால் என்னைக் கட்டிப்போட்டவை துறைமுகத்தை ஒட்டிய பழைய சந்தையில் நிற்கும் மூன்று பளிங்குத் தூண்கள். 1750-இல் தோண்டியபோது செராப்பிஸ் என்ற எகிப்தியக் கடவுளின் சிலை கிடைத்ததால், அந்தச் சந்தையைக் கோயில் என்றே வெகுகாலம் நம்பினார்கள். தூணின் அடியிலிருந்து சுமார் 12 அடி வரை வழவழப்பு. அதற்கு மேலே சுமார் 9 அடிக்குச் சல்லடைத் துளைகள். கல்லைக் குடைந்து வாழும் ஒரு கடற்சிப்பியின் வேலை அது. அந்தச் சிப்பி கடல்நீரில் மட்டுமே வாழும். அப்படியென்றால் இந்தச் சந்தை கடலுக்குள் இறங்கி, தூண்கள் சாயாமலே மறுபடி மேலே வந்திருக்கிறது! அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்ததால் சிப்பிக்குத் தப்பியது. 1830-இல் நிலவியல் அறிஞர் சார்லஸ் லயல் தம் நிலவியல் நூலுக்கு முகப்புப் படமாக இந்தத் தூண்களைத்தான் வைத்தார்.

ஊரே காம்பி ஃபிளெக்ரேய் என்னும் எரிமலைப் பள்ளத்துக்குள் இருக்கிறது. அடியில் அழுத்தம் கூடினால் தரை எழும்பும், குறைந்தால் இறங்கும். 1538-இல் சில நாட்களிலேயே ஒரு புது மலை முளைத்தது. 1970-இல் ரியோனே தெர்ரா என்ற பழைய குடியிருப்பையே காலி செய்தார்கள். 1982 முதல் 1984 வரை தரை கிட்டத்தட்ட 1.8 மீட்டர் எழும்பியது. 2005-லிருந்து மீண்டும் எழும்பிக்கொண்டிருக்கிறது. 2024 மே மாத நிலநடுக்கம் 4.4 ரிக்டர். இவ்வளவுக்கும் நடுவில் மக்கள் அங்கேதான் கடை திறக்கிறார்கள், மீன் விற்கிறார்கள். அவர்களோடு நின்று பேசாமல் வந்துவிடாதீர்கள்.

தெருவோரக் கம்பியருகே நின்றாலே தூண்கள் தெரியும். துளைகளை நன்றாகப் பார்க்க ஒரு பைனாகுலர் கொண்டுபோங்கள்.