கரண்டு வைக்கும் நாள் ஏன் தள்ளிப்போகிறது?

மகளிர் குழுத் தாய்மார்களே, கிராம சுகாதார செவிலியர்களே, வணக்கம். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சு வைத்தியத்தைத்தான் நம் ஊரில் ‘கரண்டு வைப்பது’ என்கிறோம். அது ஏன் தள்ளிப்போகிறது என்று பார்ப்போம்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. வைரஸ் தொற்றி, புற்றாக மாறப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். இவ்வளவு அவகாசம் இருந்தும் நம் நாட்டுப் பெண்களில் பெரும்பாலோர் முற்றிய பிறகே வருகிறார்கள். மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டாலும் ‘உடம்புச் சூடு’ என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடிப்பார்கள். முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் பீடி சுற்றும் பெண்ணுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் கூலி கிடையாது.

இன்னொரு கொடுமையும் உண்டு. ரத்தப்போக்கு என்றதும், சதை எடுத்துப் பரிசோதிக்காமலேயே சில இடங்களில் கர்ப்பப்பையை எடுத்துவிடுகிறார்கள். உள்ளே புற்று இருந்தது பிறகுதான் தெரிகிறது. எடுத்த பையைப் பரிசோதனைக்கு அனுப்பாவிட்டால் அதுவும் தெரியாது. அதற்குப் பின் செய்யும் வைத்தியம் கடினமாகிறது, பலனும் குறைகிறது. சதைப் பரிசோதனை முடிவைக் கையில் வாங்காமல் ஆபரேஷனுக்குச் சம்மதிக்காதீர்கள்.

சதை எடுத்த பிறகு முடிவு வரும்வரை சும்மா இருப்பதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. அந்த நாட்களிலேயே ரத்தம், கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் பரிசோதனை), ஸ்கேன் மூன்றையும் முடித்துவிடலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று தேவை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும் சான்று வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று பல கை மாறித்தான் வரும். மருமகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டுக் கார்டிலேயே இருந்தால் அங்கேயே சிக்கல். காப்பீட்டு அட்டைப் பதிவுக்குத் திருநெல்வேலிக்காரர்கள் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குப் போகவேண்டும். 2019-ல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டதால் அந்தப் பக்கத்தார் தென்காசி கலெக்டர் ஆபீசுக்குப் போகவேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரம்? கட்டி வளர்ந்து சிறுநீர்க்குழாயை அழுத்தினால் கிரியாட்டினின் ஏறும். அப்போது கரண்டோடு சேர்த்துக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுக்க முடியாது. முதலில் குழாய் வைத்துச் சிறுநீரை வடிக்கவேண்டும். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனால் கதிர்வீச்சின் வேலையும் குறையும். ரத்தம் ஏற்றவேண்டி வரும்.

முற்றிய நிலைக்கு வழக்கமான வைத்தியம் இது: வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம், ஏறக்குறைய 25 தடவை வெளியிலிருந்து கரண்டு, வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின், அதன்பின் உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கரண்டு. எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடியவேண்டும். அதைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் அடங்கும் வாய்ப்பு அரை முதல் ஒரு சதவீதம் வரை குறைகிறது. மேசையில் படுப்பது சில நிமிடம்தான். ஆனால் சங்கரன்கோவிலிலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்ப ஒரு நாள் போய்விடும். டவுன் பஸ்ஸில் உள்ள இலவசம் வெளியூர் பஸ்ஸில் இல்லை. ரயிலில் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் சலுகை உண்டு, மருத்துவரிடம் படிவம் வாங்கவேண்டும். வார்டில் சேர்ந்து தங்க முடியுமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

வைத்தியம் பாதியில் நின்றுபோவதற்கு ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவும் வயல் நடவும் மட்டுமே காரணமில்லை. இரண்டு மூன்று வாரத்தில் ரத்தம் நின்றுவிடும். ‘சரியாப் போச்சு’ என்று வீட்டிலே இருந்துவிடுவார்கள். வயிற்றுப்போக்கும் நீர்க்கடுப்பும் வந்து பயந்து நிற்பவர்களும் உண்டு. அதற்கு மருந்து இருக்கிறது. வைத்தியம் தொடங்கிய மூன்றாவது வாரம் நோயாளியின் வீட்டுக்குப் போய், ‘உள்ள வைக்கிற கரண்டுக்கு என்னைக்கு வரச் சொல்லிருக்காவ?’ என்று கேளுங்கள். தேதி வாங்கவில்லை என்றால் மறுநாளே கூடப் போய் வாங்கிக்கொடுங்கள்.