சிலோன்ல இருந்து வந்தவங்களுக்கு ரோட்டோர நினைவுக்கல்: என்ன எழுதணும், எப்படி நிறுத்தணும்

வணக்கம். நீலகிரியில கூடலூர், கோத்தகிரி பக்கம் சிலோன் காலனிகள்ல ரோட்டோரம் ஒரு கல்லு வைக்கலாமான்னு கேக்குறீங்க. தலைவருக்கு இல்ல, சிலோன்ல இருந்து வந்து இங்க தேயிலை நட்ட ஒரு சாதாரண பாட்டிக்கு. தாராளமா வைக்கலாம். ஆனா உளி பட்டுச்சுன்னா திருத்த முடியாது. பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுக்கங்க.

மொதல்ல கல்லுல எவ்வளவு இடம்னு பாப்போம். அகலம் மூணடி, உயரம் ரெண்டடி, ரெண்டு இஞ்சு கனம். சரியா ஒரு கன அடி கருங்கல்லு, 75 கிலோ கிட்ட வரும். நின்னு படிக்க எழுத்து ஒரு இஞ்சு உயரம் வேணும். மேல 'கி'யோட சுழி, கீழ 'கு'வோட வாலு இடிக்காம இருக்க வரிக்கு வரி ஒண்ணே முக்கா இஞ்சு. சுத்தி ஓரம் மூணு இஞ்சு, பேருக்கு மூணு இஞ்சு போனா எட்டு வரிதான், வரிக்கு நாலு வார்த்தை. முப்பது சொச்சம் வார்த்தைக்குள்ள ஒரு வாழ்க்கை! இதுல 'தலைமை, முன்னிலை, திறந்து வைத்தவர்'னு ஏத்தினா பாட்டிக்கு ஒரு வரி மிஞ்சுமா? விழாவுக்கு வந்தவங்க பேரை எல்லாம் பின்பக்கம் போடுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க. கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல.

இப்ப விவரம். வாய்வழியா சொன்ன வருஷத்தை அப்படியே வெட்டாதீங்க. பாஸ்போர்ட் முத்திரையையும் குடும்ப அட்டையையும் வச்சு சரிபாருங்க. சிலோன் தோட்டத் தமிழர்கள்ல ஒரு பகுதியை இந்தியா ஏத்துக்கச் சம்மதிச்ச சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபர் 30. அந்த டிசம்பர் புயல்லயே தனுஷ்கோடி அழிஞ்சுபோச்சு. அதனால 1970-ல வந்தவர் 'தனுஷ்கோடியில் இறங்கினார்'னு எழுதினா தப்பு, ராமேஸ்வரம்தான். அதே மாதிரி '1970-ல் டேன்டீயில் சேர்ந்தார்'னும் போட முடியாது. டேன்டீன்னா அரசோட தேயிலைத் தோட்டக் கழகம். 1968-ல ஆரம்பிச்சப்ப அது வனத்துறையோட தேயிலைத் திட்டம். 1976-லதான் தனி நிறுவனமா நடக்க ஆரம்பிச்சுது.

இன்னொண்ணு. ஒப்பந்தத்துல வந்தவங்க இந்தியக் குடியுரிமையோட வந்தவங்க. 83 கலவரத்துக்கு அப்புறம் போருக்குத் தப்பிப் படகுல வந்தவங்க அகதியா முகாம்ல பதிவானவங்க. ஒரே வீட்டுல அண்ணன் ஒரு வகை, தம்பி இன்னொரு வகைன்னு இருக்கலாம். யாருக்குக் கல்லு வைக்கிறீங்களோ அவங்க காகிதத்தை மட்டும் பாருங்க.

நிறைய பேர் எழுதுற வாசகம் கப்பல்லயே முடிஞ்சுடுது. வந்தாங்க, அவ்வளவுதான். வந்ததுக்கு அப்புறம் இருந்த முப்பது, நாப்பது வருஷம் எங்க போச்சு? எந்த டிவிஷன், எந்த பீல்டு நம்பர், குழி எடுத்தாங்களா, நாத்து நட்டாங்களா, கவாத்து வெட்டினாங்களா, கொழுந்து பறிச்சாங்களா, அதை எழுதுங்க. டேன்டீ தோட்டத்துல ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் குடுக்கச் சொல்லி 2022-ல அரசாணை வந்தாச்சு. செடி காடா மாறினதுக்கு அப்புறம் அந்த பீல்டு நம்பர் இந்தக் கல்லுல மட்டும்தான் இருக்கும்.

இப்ப கேமராவைக் கிட்ட கொண்டு வர்றேன், பாருங்க. இது மணல் பீச்சி வெட்டின எழுத்து, ஆழம் ஒரு மில்லிமீட்டர் கூட இல்ல. 'ணு'வோட சுழிக்குள்ள பாசி அடைஞ்சு, 'ண்'ல புள்ளியே காணோம். உளியால இங்கிலீஷ் 'V' மாதிரி சரிவா நாலஞ்சு மில்லிமீட்டர் இறங்கணும், அப்பதான் பெயின்ட் போனாலும் நிழல்லயே படிக்கலாம். முகத்துக்குப் பாலிஷ் வேண்டாம். மழை ஈரத்துல வெளிச்சம் பட்டா கண்ணாடி மாதிரி மின்னும், ஒண்ணும் தெரியாது.

கல்லை மண்ணுல புதைக்காதீங்க. ஒன்றரை அடி தோண்டி, 1:2:4 கான்கிரீட் (சிமெண்டு ஒண்ணு, மணல் ரெண்டு, ஜல்லி நாலு பங்கு) போட்டு, மேல ரெண்டடி கல் கட்டு. படிக்க வசதின்னு பின்னால சாய்ச்சா எழுத்துக்குள்ள தண்ணி தேங்கும், நேரா நிறுத்துங்க. கல்லுக்குப் பின்னால தண்ணி வடிய ஓட்டை விடுங்க, இல்லாட்டி சிமெண்டு உப்பு வெள்ளையா முகத்துல இறங்கிடும். பள்ளத்துப் பக்க ஓரம் மண் நிரப்பின இடம், உக்காந்துடும். மேட்டுப் பக்கம் வைங்க, ஆனா சாக்கடை வாய்க்காலை அடைக்காதீங்க. ரோட்டு எல்லைன்னா நெடுஞ்சாலைத் துறை அனுமதி, டேன்டீ நிலம்னா வனத்துறைக்கும் மனு. வேலையை மழைக்கு முன்னாடி ஜனவரி–மார்ச்ல முடிச்சுடுங்க. பாசியை நைலான் பிரஷ்ஷும் வெறும் தண்ணியும் வச்சுத் தேய்ச்சா போதும், ஆசிட் கிட்டயே போகாதீங்க.