குரங்கு எதற்காகக் கொண்டியைத் திறந்தது?

[திரை: ஒரு மரப்பலகை. அதில் ஆணி, கொக்கி, கொண்டி. மிக அருகிலிருந்து.]

ஒரு பலகையில் ஒரு கொண்டி. கொண்டியை ஒரு கொக்கி பிடித்திருக்கிறது. கொக்கி நழுவாமலிருக்க ஓர் ஆணி செருகியிருக்கிறது. முதலில் ஆணியை உருவ வேண்டும், அப்புறம் கொக்கியை விலக்க வேண்டும், கடைசியாகக் கொண்டியைத் தூக்க வேண்டும். நமக்கு இரண்டு நொடி வேலை. ஒரு ரீசஸ் குரங்குக்கு அது பெரிய புதிர்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ என்ற உளவியலாளர் இந்தப் புதிரைக் குரங்குகளின் கூண்டுக்குள் வைத்தார். திறந்தால் தீனி கிடையாது, திறக்காவிட்டால் தண்டனையும் கிடையாது. எப்படித் திறப்பது என்று யாரும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. ஆனாலும் குரங்குகள் அதை விடவில்லை. நோண்டின, இழுத்தன, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தேறின. இரண்டு வாரத்துக்குள் வேகமாகத் திறக்கப் பழகிவிட்டன.

இது அன்றைய உளவியலுக்கு ஒரு தலைவலி. ஓர் உயிர் ஏன் அசைகிறது என்று கேட்டால் அப்போது இரண்டு பதில்தான் இருந்தன. ஒன்று, பசி, தாகம், காமம் போல உடம்புக்குள்ளிருந்து வரும் உந்துதல். இன்னொன்று, வெளியிலிருந்து வரும் பரிசும் தண்டனையும். இந்தக் குரங்குகளுக்குப் பசியும் இல்லை, பரிசும் இல்லை. பின்னே எதற்காகத் திறந்தன?

திறப்பதற்காகவே திறந்தன என்றார் ஹார்லோ. வேலையைச் செய்வதுதான் அந்த வேலைக்கான கூலி. 1950-இல் வெளியான தன் ஆய்வில் இதை உள்ளிருந்து வரும் ஊக்கம் என்று குறிப்பிட்டார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. புதிரோடு உலர் திராட்சையைச் சேர்த்துப் பார்த்தார்கள். தீனி கிடைத்தால் இன்னும் நன்றாகச் செய்யும் என்றுதானே நாம் நினைப்போம்? குரங்குகள் அதிகமாகத் தப்புச் செய்தன. திராட்சை உள்ளே வந்ததும் புதிர் வெறும் மூடியாகிவிட்டது.

இந்தத் திராட்சையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவோம்.

[திரை: ஐந்து அடுக்குப் பிரமிடு.]

தேவை, ஊக்கம் என்று பேச்சு வந்தாலே எல்லோரும் இந்தப் படத்தைக் காட்டுவார்கள். அடியில் உணவும் உறக்கமும். அதற்கு மேல் பாதுகாப்பு, அன்பு, மதிப்பு. உச்சியில், நம் திறமையின் முழு அளவை எட்டுவது. கீழ்ப்படி நிரம்பினால்தான் மேல்படி. ஆபிரகாம் மாஸ்லோவின் பிரமிடு.

இந்த மாஸ்லோ யார் தெரியுமா? அதே ஹார்லோவிடம் குரங்குகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர். அவர் தன் தேவைக் கோட்பாட்டை 1943-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். அதைத் தேடிப் படித்தால் ஒரு சின்ன அதிர்ச்சி காத்திருக்கும். அதில் பிரமிடே இல்லை. நமக்குப் பழக்கமான இந்த முக்கோணம், 1960-இல் சார்லஸ் மெக்டெர்மிட் என்ற ஆலோசகர் நிர்வாகப் பத்திரிகை ஒன்றில் எழுதிய கட்டுரையில்தான் வருகிறது. பணியாளர்களை எப்படி ஊக்குவிப்பது என்ற விவகாரத்துக்காக வரைந்த படம், பாடப்புத்தகத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது.

படம் யார் வரைந்தால் என்ன என்று விட்டுவிட முடியாது. படம் ஒரு பொய்யைச் சொல்கிறது. பிரமிடு என்றால் கீழ்க்கல் முழுதாக இருந்தால்தான் மேல்கல் நிற்கும். மாஸ்லோ அப்படிச் சொல்லவே இல்லை. ஓர் ஆளுக்கு உடல் தேவை 85 விழுக்காடு நிறைந்திருக்கலாம், பாதுகாப்பு 70, அன்பு 50, சுயமதிப்பு 40, உச்சித் தேவை 10 என்று விளங்குவதற்காகச் சில எண்களைப் போட்டுக் காட்டினார். அளந்து எடுத்த எண்கள் அல்ல, கருத்துப் புரியட்டும் என்று போட்டவை. கருத்து இதுதான்: எல்லாத் தேவைகளும் ஒரே நேரத்தில் பாதி நிறைந்தும் பாதி காலியாகவும் இருக்கின்றன. ஒன்று முடிந்து இன்னொன்று என்று வரிசையில் நிற்பதில்லை. வரிசை மாறும் ஆட்களும் உண்டு என்று விதிவிலக்குகளையும் அவரே எழுதினார். படத்தில் அதற்கெல்லாம் இடம் இல்லை.

சரி, அடிப்படைத் தேவைக்கு வலு இல்லையா? இருக்கிறது. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பது சும்மா சொன்னதல்ல. அதை ஏறக்குறைய அப்படியே அளந்து பார்த்திருக்கிறார்கள்.

[திரை: 1945. நீண்ட மேசை, மெலிந்த கைகள், வழித்து நக்கிய தட்டு.]

இரண்டாம் உலகப் போர் முடியும் நேரம். பட்டினியில் கிடந்த மக்களுக்கு எப்படி உணவு கொடுத்துத் தேற்றுவது என்று அறிய, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஒரு சோதனை தொடங்கினார். 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். 24 வாரம் அரைப்பட்டினி. நாளுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு. அவர்களின் எடையில் ஏறக்குறைய கால்வாசி கரைந்தது.

உடம்பு மெலிந்ததை யாரும் எதிர்பார்ப்பார்கள். மனசுக்கு நடந்ததுதான் விஷயம். எதைப் பற்றிப் பேசினாலும் பேச்சு சாப்பாட்டில் போய் நின்றது. சமையல் புத்தகங்களைக் கதைப் புத்தகம் போலப் படித்தார்கள். தட்டில் இருக்கும் கொஞ்சத்தைத் தண்ணீர் ஊற்றிப் பெருக்கி, மணிக்கணக்கில் நீட்டிச் சாப்பிட்டார்கள். பிறகு தட்டை நக்கினார்கள். நண்பர்கள் மேல் எரிந்து விழுந்தார்கள். சிரிப்பு குறைந்தது. காம இச்சை ஏறக்குறைய அற்றே போனது. பறந்துபோகும் அந்தப் பத்தில் காதலையும் சேர்த்து எண்ணியவர்கள் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள்.

அப்படியானால் பிரமிடு சரிதானே? இங்கேதான் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். இந்த 36 பேர் யார்? துப்பாக்கி எடுத்துக் கொல்ல மாட்டோம் என்று மனசாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்தவர்கள். யாருக்காவது உதவியாக இருக்கட்டும் என்று பட்டினிக்கு ஒப்புக்கொண்டவர்கள். விதியை மீறித் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலோர் கடைசி வரை தாங்கினார்கள். பிரமிடின் உச்சியில் இருப்பதாகச் சொல்லும் ஒன்று, அடியில் இருக்கும் ஒன்றை ஆறு மாதம் பசியிலேயே உட்காரவைத்தது. பசி அவர்களுடைய எண்ணத்தைப் பிடித்துக்கொண்டது உண்மை. முடிவை அது பிடிக்கவில்லை.

இதை வாசித்த நாளிலிருந்து அந்த முக்கோணத்தைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வருகிறது.

[திரை: கம்பியால் செய்த பொம்மை, துணி சுற்றிய பொம்மை. நடுவில் குட்டிக் குரங்கு.]

மறுபடி ஹார்லோ. 1950-களின் பிற்பகுதி. பிறந்ததும் தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களைக் கொடுத்தார். ஒன்று வெறும் கம்பி, ஆனால் பால் புட்டி அதில் இருக்கும். இன்னொன்றுக்கு மெத்தென்ற துணி சுற்றியிருக்கும், பால் இருக்காது. பால் தருகிறவள்தான் தாய், பாசம் என்பது பாலுக்குப் பின்னால் வருவது என்று அன்றைக்குப் பலர் நம்பினார்கள். குட்டி என்ன செய்தது? கம்பியிடம் போய்ப் பாலைக் குடித்துவிட்டு உடனே துணியிடம் ஓடியது. நாளின் பெரும்பகுதி துணியைக் கட்டிக்கொண்டே கிடந்தது. பயமுறுத்தினாலும் பாய்ந்தது துணியிடம்தான்.

இந்தச் சோதனைகள் கொடுமையானவை. குட்டிகள் பட்ட பாட்டைப் பற்றி இன்று வரை கண்டனம் உண்டு, அது நியாயமும்கூட. ஆனால் அவை காட்டியதை மறைக்க முடியாது. அணைப்பு என்பது வயிறு நிறைந்த பிறகு வரும் சொகுசு அல்ல. பசியோடு கூடவே பிறக்கிறது.

மனிதர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 2011-இல் லூயி டே, எட் டீனர் என்ற இருவர் 123 நாடுகளின் தரவை அலசினார்கள். தேவைகள் உலகெங்கும் பொதுவாகத்தான் இருக்கின்றன, நிறைவேறினால் நிம்மதி கூடுகிறது. ஆனால் அடிப்படைத் தேவைகள் முழுதாக நிறைவேறாத இடத்திலும் நல்ல உறவு தன் பங்குக்கு மகிழ்ச்சியைத் தருகிறது. கீழே நிரம்பட்டும் என்று அது காத்திருப்பதில்லை.

[திரை: கட்டை விரல், கைப்பேசி, நகர்ந்துகொண்டே போகும் படங்கள்.]

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஒன்றை நாடுவதும் அதை ரசிப்பதும் ஒன்றுதான் என்று நினைக்கிறோம். மூளையில் இவை வெவ்வேறு.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜும் அவருடைய சகாக்களும் எலிகளின் மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தை ஏறக்குறைய முழுதாக அகற்றிப் பார்த்தார்கள். அந்த எலிகள் தீனியைத் தேடிப் போகவில்லை. முன்னாலேயே வைத்தாலும் தொடவில்லை, அப்படியே விட்டால் செத்துவிடும். ஆனால் வாயில் ஒரு சொட்டு இனிப்பு விட்டால், வழக்கம் போல நாக்கைச் சுழற்றி ருசித்தன. ருசி போகவில்லை, நாட்டம்தான் போயிருந்தது. டோபமைன் கூடுதலாக இருந்த சுண்டெலிகளிடம் இதன் மறுபக்கத்தைப் பார்த்தார்கள். இனிப்பை நோக்கி வேகமாக ஓடின, ஆனால் கிடைத்தபோது கூடுதலாக ரசித்த அறிகுறி இல்லை.

இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியில் எதையும் ரசிக்காமல் விரலை மட்டும் தள்ளிக்கொண்டே இருப்போமே, அந்த நிலைமைக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் பார்த்ததில்லை. டோபமைனை ‘இன்ப ரசாயனம்’ என்று அழைப்பவர்களிடம் இனிமேல் தயங்காமல் சண்டை போடலாம்.

இப்போது திராட்சைக்கு வருவோம்.

[திரை: ஒழுங்கற்ற வடிவில் ஏழு மரத்துண்டுகள். மேசை மேல் சில பத்திரிகைகள்.]

எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் ஒரு புதிரை எடுத்துக்கொண்டார். ஏழு துண்டுகள். சரியாகப் பொருத்தினால் ஒரு கனசதுரம் வரும், இன்னும் எத்தனையோ வடிவங்களும் வரும். கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. 24 கல்லூரி மாணவர்கள், ஆளுக்கு மூன்று அமர்வுகள். முதல் அமர்வில் யாருக்கும் எதுவும் இல்லை. இரண்டாவதில் பாதிப் பேருக்கு மட்டும், முடிக்கும் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு டாலர். மூன்றாவதில் மறுபடி யாருக்கும் எதுவும் இல்லை.

ஆனால் டெசி அளந்தது வேறு ஒன்றை. ஒவ்வொரு அமர்வின் நடுவிலும் ஏதோ காரணம் சொல்லிவிட்டு எட்டு நிமிடம் வெளியே போய்விடுவார். அறையில் பத்திரிகைகள் கிடக்கும், புதிரும் கிடக்கும். எதை வேண்டுமானாலும் செய்யலாம். தனியாக இருக்கும்போது கை எதை நோக்கிப் போகிறது? பணமே வாங்காதவர்கள் மூன்றாம் அமர்விலும் புதிரைத்தான் நோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு முறை பணம் வாங்கியவர்கள், பணம் நின்றதும், முதல் அமர்வில் செலவிட்ட நேரத்தைக்கூடச் செலவிடவில்லை.

1971-இல் வெளியான இந்த ஆய்வில் இருந்தது 24 பேர்தான், வித்தியாசமும் மெலிசு. இது ஒன்றை மட்டும் வைத்து நான் ஒரு வீடியோ போட மாட்டேன். ஆனால் 1973-இல் மார்க் லெப்பரும் அவரது குழுவும் மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகளிடம் இதையே பார்த்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகள். வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவோம் என்று சிலரிடம் முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். சிலருக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, விளையாட்டு நேரத்தில் அதே பேனாக்களை மேசையில் வைத்துவிட்டுப் பார்த்தார்கள். முன்கூட்டியே பரிசு பேசியிருந்த குழந்தைகள் வரைந்த நேரம், மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி. சொல்லாமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை.

ஆக, பரிசு கிடைத்ததால் ஆசை போகவில்லை. ‘இதைச் செய்தால் அது’ என்ற பேரம்தான் ஆசையைத் தின்றது. வரைவது விளையாட்டாக இருந்தது, ஒரே வாக்கியத்தில் வேலையாகிவிட்டது.

டெசி பிறகு ரிச்சர்ட் ரயனோடு சேர்ந்து கட்டிய கோட்பாடு மூன்று தேவைகளைச் சொல்கிறது. நான் செய்வது என் விருப்பத்தில் நடக்கிறது என்ற உணர்வு. இது எனக்குக் கைவருகிறது என்ற உணர்வு. என்னைப் பொருட்படுத்தும் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. முதலாவதைத்தான் ஆட்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், தனித்துப் போவது என்று. அப்படி இல்லை. அடுத்தவர் சொன்ன ஒன்றைக்கூட மனதார ஏற்றுச் செய்தால் அது சொந்த விருப்பம்தான்.

என் கதை ஒன்று சொல்கிறேன். ஒரு வருடம் படித்த புத்தகங்களைக் கணக்கு வைத்தேன், ஐம்பது என்று இலக்கு. மார்ச் மாதம் அலமாரி முன்னால் நின்று புத்தகங்களின் தடிமனைப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஒல்லியானது எதுவானாலும் சரி. ஐம்பதும் முடிந்தது. அவற்றில் ஒரு முப்பதின் பெயர்கூட இன்று நினைவில்லை. எனக்கு யாரும் திராட்சை தரவில்லை, நானே எனக்குப் போட்டுக்கொண்டேன்.

அதற்காகப் பரிசே விஷம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1999-இல் டெசி குழு 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வாயால் சொல்லும் பாராட்டு ஆர்வத்தைக் கூட்டவே செய்தது. எதிர்முகாமும் உண்டு, பரிசின் கேட்டை மிகைப்படுத்துகிறார்கள் என்று பல வருடம் மல்லுக்கட்டினார்கள். இரு தரப்பும் ஒத்துப்போகும் இடம், சலிப்பான வேலை. ஆசை இருந்தால்தானே குறைவதற்கு? மலை போலக் குவிந்த துணியை மடித்துவைக்கும் ஆளுக்குத் தாராளமாகக் காசு கொடுங்கள். துணி மடிப்பதில் அவருக்கு இருக்கும் தணியாத காதல் அதனால் கெட்டுப்போகாது.